ஊரில் இல்லை, வருவார்

என் நாற்காலிக்கு வந்திருக்கும் நீங்கள் போன வாரம் தொலைபேசியில் கேட்டீர்கள். ஓய்வூதிய மதிப்பீட்டுத் தாளில் ‘சான்று வந்தது’, ‘சான்று வரவில்லை’ என்ற இரண்டு கட்டங்களுக்குப் பக்கத்தில் ‘ஊரில் இல்லை, வருவார்’ என்று மூன்றாவதாக ஒன்று இருக்கிறதே, அது எந்த விதிப்படி வந்தது என்று. எந்த விதிப்படியும் வரவில்லை. அது நான் பென்சிலால் போட்ட கோடு. பிறகு யாரோ அதைக் கணினியில் ஏற்றிவிட்டார்கள். இப்போது அதற்கும் விதியின் முகக்களை வந்துவிட்டது.

கட்டத்தை உங்களிடம் விட்டுவிட்டு அதன் கதையைச் சொல்லாமல் வந்தது என் தப்பு. கதையில் நான் அவ்வளவு அழகாக இல்லை என்பதுதான் காரணம். ஐம்பத்து நான்கு வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்த பிறகு அழகைப் பற்றிய கவலை குறைந்திருக்கிறது. முத்தியால்பேட்டையில் என்னைத் தினமும் பார்க்கிறவர்களுக்கு அந்தக் கவலை எப்போதுமே இருந்ததில்லை.

நேராகச் சொல்லிவிடுகிறேன். பட்ஜெட் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்தபோது, ஒரு டிசம்பர் மாதத்தில், டீ குடித்துக்கொண்டே நான் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றேன். பிறகு மார்ச்சில் அவர்களில் ஒருவர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

உங்களுக்குத் தெரியும், நம் ஊர் பட்ஜெட் கல்யாணப் பந்தி மாதிரி. சம்பளம், ஓய்வூதியம், கடன் வட்டி மூன்று பேரும் முதல் பந்தியிலேயே இடம் பிடித்துவிடுவார்கள். சாலை, பள்ளிக்கூடக் கூரை, ஆஸ்பத்திரி மருந்து எல்லாம் கையைக் கழுவிக்கொண்டு இரண்டாம் பந்திக்கு நிற்கும். நாட்டின் பாதுகாப்பு டெல்லியின் பாடு என்று நாம் நிம்மதியாக இருக்கிறோம். கடல் வைத்திருக்கும் ஊருக்கு அந்த நிம்மதி பாதிதான் செல்லும். கரையை ஒட்டிய கடல் நம் பொறுப்பு. அதற்கு ஒரு ரோந்துப் படகு, அதில் இரண்டு இன்ஜின். இரண்டில் ஒன்று எப்போதோ செத்துப்போயிருந்தது. புது இன்ஜின் கேட்ட கோப்பு மூன்று ஆண்டுகளாக என் மேசைக்கு வந்து, டீ வட்டம் வாங்கிக்கொண்டு திரும்பிப்போகும். கள்ளக்கடத்தலைப் பார்ப்பதும், நடுக்கடலில் நின்றுபோன மீன்பிடிப் படகைத் தேடிப் போவதும் அந்த ஒரே படகுதான்.

டிசம்பரில் திருத்திய மதிப்பீடு போடும்போது, இந்தத் தடவை எப்படியாவது படகுக்குப் பணம் கண்டுபிடியுங்கள் என்று மேலிடத்திலிருந்து சொன்னார்கள். நான் கண்டுபிடித்தேன். ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் நவம்பரில் உயிரோடிருப்பதாகச் சான்று தர வேண்டும். தராதவர்களுக்கு டிசம்பரிலிருந்து பணம் நின்றுவிடும். அவர்களில் சிலர் உண்மையிலேயே போய்ச் சேர்ந்திருப்பார்கள், மற்றவர்கள் தாமதமாக வருவார்கள் என்று எனக்கு முன்னால் இருந்தவர்கள் ஒரு சிறு பங்கை மட்டும் கழிப்பார்கள். நான் புத்திசாலி. சான்று வராத எல்லோரையும் நிதியாண்டு முடியும்வரை மொத்தமாகக் கழித்தேன். இன்ஜின் விலைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி மிச்சம் வந்தது. கூட்டத்தில் கைதட்டாத குறை. அன்று மாலை எங்கள் பிரிவுக்கு என் செலவில் பஜ்ஜி.

இந்தத் தப்பை விழுப்புரத்தில் செய்திருந்தால் தப்பித்திருக்கலாம். புதுச்சேரியில் செய்யக்கூடாது. நம் ஓய்வூதியர்களில் எத்தனை பேருக்குப் பிள்ளைகள் பிரான்ஸில் இருக்கிறார்கள் என்பது என் தெருவில் நாலு வீடு நடந்தாலே தெரியும். வெயில் காலம் முடிவதற்குள் போய், பேரக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு, அங்கே குளிர் தாங்காமல் பொங்கலுக்குத் திரும்புகிறவர்கள் அவர்கள். நான் பிறந்து வளர்ந்ததே இந்த ஊர். அவர்கள் கொண்டுவந்து கொடுத்த சாக்லேட்டைத் தின்றே எனக்குச் சொத்தைப் பல் வந்தது. ஆனாலும் தாளில் ‘வரவில்லை’ என்ற கட்டத்தைப் பார்த்ததும் எனக்கு ஏர்போர்ட் ஞாபகம் வரவில்லை, சுடுகாடுதான் ஞாபகம் வந்தது.

பொங்கல் முடிந்தது. ஒவ்வொருவராகச் சான்றோடு வந்தார்கள். எல்லோரும் உயிரோடு, சிலர் முன்னைவிடக் குண்டாக. நின்றுபோன மாதங்களின் பணம் அவர்களுக்கு மொத்தமாகப் போக வேண்டும். அந்த நிலுவைக் கோப்புகள் பணம் இருக்கிறதா என்ற ஒரு வரிக்காக என் பிரிவுக்கு வரும். பிப்ரவரி நடுவில் கூட்டிப் பார்த்தேன். பணம் இல்லை. அது திருத்திய மதிப்பீட்டில் படகின் பெயருக்குப் போய், கொள்முதல் ஆணைக்காகக் காத்திருந்தது.

என் பதற்றத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் காது சூடாகும். அப்புறம் மேசையில் இருப்பதையெல்லாம் அளவுவாரியாக அடுக்குவேன். பஞ்சிங் மெஷின், ஸ்டேப்ளர், பசைப்புட்டி, ரப்பர் ஸ்டாம்பு, குண்டூசி டப்பா. அன்று இரண்டு தடவை அடுக்கினேன். ‘நிதி இல்லை’ என்று எழுதினால் ஏன் இல்லை என்று கேட்பார்கள். ஆகவே ஆட்சேபணை எழுதினேன். கையெழுத்து பழைய மாதிரியோடு ஒத்துப்போகவில்லை. புகைப்படம் தெளிவாக இல்லை. வெளிநாட்டில் தங்கிய நாட்களின் விவரம் இணைக்கப்படவில்லை. ஓர் ஆட்சேபணை போய்த் திரும்ப பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். ஆளுக்கு மூன்று போட்டால் ஏப்ரல் வந்துவிடும், புது வருடப் பணம் வந்துவிடும், யாருக்கும் எதுவும் தெரியாது. கல்நெஞ்சுக்காரனின் வேலை என்று நினைப்பீர்கள். இல்லை. பயந்தாங்கொள்ளியின் வேலை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும்.

மார்ச் முதல் வாரத்தில் அவர் வந்தார். அரசுப் பள்ளியில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபதைத் தாண்டிய வயது, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் என் கடிதங்கள்.

“பொன்ழூர் முசியே” என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னார். “ரெட்டியார்பாளையத்துலருந்து வரேன். இது மூணாவது வாட்டி.”

“உக்காருங்க சார்.”

“உக்கார்றது இருக்கட்டும். மொதல்ல ஒரு சந்தேகம் தீத்துவைங்க. நான் செத்துட்டனா?”

பக்கத்து மேசைகளில் தட்டச்சு நின்றது.

“போன்லயே முகத்தக் காட்டி சான்று அனுப்பலாமே சார்” என்றேன், பேச்சை வேறு பக்கம் திருப்ப.

“காட்டனேன். போன் என் மூஞ்ச ஒத்துக்கல. என் பொண்டாட்டியே முப்பது வருஷம் கழிச்சுதான் ஒத்துக்கினா, போன் எம்மாத்திரம்.” ஒரு தாளை இழுத்து நான்கு கையெழுத்துப் போட்டார். நான்கும் நான்கு விதம். “பாத்தீங்களா, கை நடுங்குது. நீங்க வச்சிருக்கற மாதிரிக் கையெழுத்து நான் நாப்பது வயசுல போட்டது. அந்தக் கை இப்ப எங்கிட்ட இல்ல. மீதி ஆள் இருக்கறான்.”

சொல்லிவிட்டு, குதிகால் இரண்டையும் சேர்த்து, நெஞ்சை நிமிர்த்தி, விறைப்பாக நின்றார். பிரிவு முழுவதும் சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டிருந்தது. கை தானாகப் பசைப்புட்டியைத் தேடியது.

சிரிப்பு அடங்கியதும் குனிந்து, மெதுவாகக் கேட்டார்.

“உண்மையச் சொல்லுங்க. காசு இல்லியா?”

“அப்படியெல்லாம் இல்ல சார். நடைமுறைதான்.”

“செரி. மவ வீட்டுக்குப் போன டிக்கெட்டு பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட வாங்குன கைமாத்து முசியே. பொங்கலுக்குத் தரேன்னேன். அப்பறம் மாசி மகத்துக்குத் தரேன்னேன். காசு இல்ல, சித்திரையிலதான்னு ஒரு வார்த்த நீங்க எழுதியிருந்தா, நானும் அவர்கிட்ட சித்திரைன்னு சொல்லிட்டு தலைய நிமித்தினு நடந்திருப்பேன். இப்ப அவர் வாசலத் தாண்ட வேணாம்னு தெருவச் சுத்தினு வரேன். சர்க்கர மாத்திரைய ஒரு நா விட்டு ஒரு நா போடறேன். பரவால்ல, சர்க்கரைக்கும் லீவு வேணும்ல.”

கடிதங்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். நான்கு கையெழுத்துப் போட்ட தாளை மேசையிலேயே விட்டுவிட்டார். அளவுவாரியாக அடுக்க முடியாத பொருள் அது ஒன்றுதான்.

எங்கள் துணைச் செயலர் என்னைவிட எட்டு வயது இளையவர். அவருடைய அறைக்குப் போவதற்குமுன் கழிப்பறைக் கண்ணாடியைப் பார்த்து ஒரு பேச்சு ஒத்திகை பார்த்தேன். அதில் என் இருபத்தெட்டு ஆண்டுச் சேவை வந்தது, அலுவலர் பற்றாக்குறை வந்தது, என் சர்வைகல் கழுத்துவலிகூட வந்தது. உள்ளே போய் அதை ஆரம்பித்தேன். கழுத்துவலியை நெருங்கும்போது மேடம் கையைக் காட்டினார்.

“சார், மொதல்ல எவ்ளோன்னு சொல்லுங்க. ஏன்னு அப்பறம் கேட்டுக்கறேன்.”

சொன்னேன். அவர் அதை ஒரு தாளில் எழுதி வட்டம் போட்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். நான் மன்னிப்புக் கேட்டிருப்பேன், விஷயம் என்னைப் பற்றியதாக மாறியிருக்கும்.

“கொள்முதல் ஆணை போயிடுச்சா?”

“இல்ல மேடம். இந்த வாரம் போகணும்.”

“அப்ப ரெண்டுல ஒண்ணுதான். என்ன எழுதிக் கொண்டாந்தீங்க?”

கோப்பை நீட்டினேன். அதில் நம் குலவழக்கப்படி எழுதியிருந்தேன். படகுக்கே தரலாம், நிலுவையை ஏப்ரலில் தீர்க்கலாம். அல்லது நிலுவையைத் தீர்த்து, படகை ஏப்ரலுக்குத் தள்ளலாம். உரிய ஆணை வேண்டப்படுகிறது. முடிவு மேலே இருப்பவர் தலையில், நம் தலை பத்திரம். உங்களுக்கும் இந்த வாக்கியத்தை இந்நேரம் யாராவது கற்றுக்கொடுத்திருப்பார்கள்.

மேடம் அதைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“ரெண்டையும் எழுதிட்டு நடுவுல ஒளிஞ்சிக்கிறீங்க சார். ஒண்ண எழுதுங்க. அதுக்கு முன்ன, படகுக்காரங்ககிட்ட நீங்களே நேர்ல போய்ச் சொல்லுங்க. கடிதாசி வேணாம்.”

“போன் பண்ணிச் சொல்லட்டுமா மேடம்?”

“நேர்ல.”

நோணாங்குப்பத்தில் சுற்றுலாப் படகுகள் புறப்படும் துறையைத் தாண்டி, ஆற்றோரம் ஒரு மரத்தடியில் ரோந்துப் படகைக் கட்டியிருந்தார்கள். அதன் பொறுப்பாளர் ஒரு சப்-இன்ஸ்பெக்டர், என் வயதுதான். இன்ஜின் கதையைச் சொல்ல வாய் திறந்தேன். தொகையை முதலில் சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொண்டிருந்தேன், சொன்னேன். ஏன் என்பதையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு, ஒரு லைஃப் ஜாக்கெட்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“போட்டுக்கினு ஏறுங்க சார்.”

“எதுக்கு சார்?”

“ஒத்த இன்ஜின்ல ஏப்ரல் வரைக்கும் ஓட்டுன்னு சொல்ல வந்திருக்கீங்க. அது எப்படி ஓடுதுன்னு பாத்துட்டுச் சொல்லுங்க.”

ஜாக்கெட் என் வயிற்றுக்கு ஒரு சாண் போதவில்லை. ஷூவோடு ஏறினேன். ஆற்றுக்குள் இருக்கும்வரை உலகத்தில் ஒரு குறையும் இல்லை. பாரடைஸ் பீச்சுக்குப் போகிற படகுகளில் குடும்பங்கள் கையசைத்தன, நானும் அமைச்சர் மாதிரி அசைத்தேன். முகத்துவாரத்தை நெருங்கியதும் படகு ஒரு தோளைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் நடக்க ஆரம்பித்தது. ஆறு வெளியே தள்ளியது, அலை உள்ளே தள்ளியது, ஒற்றை இன்ஜின் நடுவில் நின்று இருமியது. மணல்திட்டு எங்களை நோக்கி வந்தது. அடுக்குவதற்கு அங்கே ஒரு பொருளும் இல்லை. பக்கத்தில் ஒரு கயிறு தெரிந்தது, அதை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“அது எதுலயும் கட்டல சார்” என்றார் அவர், திரும்பிப் பார்க்காமலே.

“இதுவும் நின்னுட்டா?”

“நங்கூரம் போடுவோம். மீன்புடிக்கற ஆளுங்களக் கூப்புடுவோம். வந்து இழுத்துனு போவாங்க.”

“அவங்க யாரு?”

“நாங்க காப்பாத்த வேண்டியவங்க.”

படகைத் திருப்பி அமைதியான தண்ணீருக்குக் கொண்டுவந்தார். என் கையில் கயிறு இன்னும் இருந்தது. ஓய்வூதியம் முதலில், படகு பிறகு என்று நான் எழுதவேண்டிய ஒரு வரி எனக்கு அப்போது தெரிந்தது, ஆனால் அதை எழுதத் துணிவு வரவில்லை. அதனால் அவரிடமே கேட்டேன்: என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன எழுதுவீர்கள் என்று.

“மீன்புடி தடைக்காலம் வந்துட்டா பெரிய படகுங்க கடலுக்குப் போவாது, எனக்கும் வேல கம்மி. அதுக்கு இன்னும் அஞ்சு வாரம் இருக்கு. அது வரைக்கும் ஒத்த இன்ஜின்ல நான் முகத்துவாரத்தத் தாண்ட மாட்டேன். என் ஸ்டேஷன் பசங்க மூணு பேரு இதுல ஏறுறானுங்க. நீங்க அதையும் எழுதணும். படகு இருக்குதுன்னு மட்டும் எழுதி மூடிடாதீங்க. இருக்குது, வெளிய போவாதுன்னு எழுதுங்க.”

“அப்ப மீனவர் ஊருக்கு யாரு சொல்றது?”

“நான் சொல்லிக்கறேன். அஞ்சு வாரம் எங்கள நம்பாதீங்கன்னு. திட்டுவாங்க. வாங்கிக்கறேன்.” என் கையிலிருந்த கயிற்றை வாங்கிக்கொண்டு, “நீங்களும் வரீங்களா, பாதி வாங்கிக்கலாம்” என்றார்.

போனேன். பாதிக்குமேல் என் பங்காகவே கிடைத்தது. சங்கத் தலைவர் ஒருவர், “பென்சனுக்குக் குடுத்துட்டு எங்கள அம்போன்னு உடறீங்களா?” என்று கேட்டார். ஆமாம், ஐந்து வாரத்துக்கு என்றேன். அவர் தரையில் துப்பிவிட்டு, ஆட்களைக் கூப்பிட்டு ஏதோ பேச ஆரம்பித்தார்.

திரும்பி வந்து புதிதாக எழுதினேன். நிலுவை ஓய்வூதியத்தை மார்ச்சிலேயே வழங்கலாம். இன்ஜின் கொள்முதலைப் புது நிதியாண்டின் முதல் செலவாக வைக்கலாம். அதுவரை ரோந்துப் படகு முகத்துவாரத்தைத் தாண்டாது. இது மீனவர்களுக்குத் தெரிவிக்கப்பட்டுவிட்டது. சான்று வராதவர்களை இறந்தவர்களாகக் கணக்கில் கொண்டது என் பிழை. கடைசி வரியை மூன்று தடவை அடித்து மூன்று தடவை எழுதினேன். அந்தத் தாளில் அடித்தல் திருத்தல் அசிங்கமாகத் தெரியும். போய்ப் பாருங்கள், கோப்பு இன்னும் இருக்கிறது. அதற்காக எனக்கு வந்த மெமோவும் அதிலேயே இருக்கிறது.

டிரில் மாஸ்டருக்கு அந்த மாதமே பணம் போனது. அவர் நன்றி சொல்ல வரவில்லை. எதற்கு வர வேண்டும், அவர் பணம்.

நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த வாரம் நடந்தது. காலை ஏழரை மணி, இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சப்-இன்ஸ்பெக்டர் போன்.

“சார், ஒரு ஃபைபர் படகு வெளிய நின்னுபோச்சு. மூணு பேரு இருக்கறாங்க. காத்து தெக்க இழுக்குது.”

“நீங்க?”

“முகத்துவாரத்துல நிக்கறேன். தாண்டல.”

என் மனைவி பிறகு சொன்னாள், தட்டில் இருந்த நான்கு இட்லியையும் அளவுவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தேனாம். நான்கும் ஒரே அளவு, அதனால் நேரம் ஆனதாம். நான் கொன்றவர்கள் திரும்பி வந்தது இருக்கட்டும், உண்மையாகவே மூன்று பேரை இப்போது கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பற்றி என்னால் இன்னும் ஜோக் அடிக்க முடியவில்லை. முயன்று பார்த்திருக்கிறேன்.

ஒன்பது மணிக்கு மறுபடி போன்.

“வந்துட்டாங்க சார். மூணு பேரும்.”

“யாரு போனது?”

“அவங்களேதான். நாம வரமாட்டோம்னு சொல்லிட்டு வந்தோம்ல, அன்னிக்கே மொற போட்டுக்கினாங்களாம். தெனம் ரெண்டு படகு கடலுக்குப் போவாம, டீசல் ஊத்தித் தயாரா கரையில நிக்கும். நாம வருவோம்னு நெனச்சிருந்தா இன்னிக்கி உக்காந்துனு இருந்திருப்பாங்க.”

மே மாதம் புது இன்ஜின் வந்து பொருத்தினார்கள். பார்க்க வரச்சொல்லி அழைத்தார். துறையில் நின்று பார்த்தேன், ஏறவில்லை.

அந்த வருடம்தான் மதிப்பீட்டுத் தாளில் மூன்றாவது கோட்டைப் போட்டேன். நவம்பரில் சான்று வராத ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஒரு போன் செய்தால் போதும். பக்கத்து வீட்டுக்காரர் எடுத்தாலும் சொல்லிவிடுவார். இரண்டு நாள் வேலை. அந்த இரண்டு நாளை மிச்சம் பிடிக்கும் வழி ஒன்று உங்களுக்கும் ஒருநாள் தோன்றும், அதுவும் நல்ல புத்திசாலித்தனமாகவே தோன்றும். அப்போது பஜ்ஜிக்குச் சொல்வதற்கு முன் அந்தப் போனைச் செய்துவிடுங்கள். பணம் இல்லாமல் போகும் வருடங்களும் வரும். உங்கள் வேலைக்காலத்தில் அவைதான் அதிகம் இருக்கும். அந்த வருடங்களில், இல்லை என்று எழுதிவிடுங்கள். எப்போது இருக்கும் என்றும் எழுதுங்கள். மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்; நம்மைவிட நன்றாகவே பார்த்துக்கொள்வார்கள்.

கடைசியாக ஒரு சொந்த விஷயம். என் மனைவியின் தங்கை மகளுக்கு நவம்பரில் பாரிஸ் பக்கம் கல்யாணம். இருவரும் போகிறோம், திரும்பப் பொங்கல் ஆகும். போன் என் முகத்தையும் ஒத்துக்கொள்ளவில்லை, மூன்று தடவை காட்டிப் பார்த்துவிட்டேன். என் ஓய்வூதிய எண் உங்களிடம் இருக்கிறது. பென்சிலால் போட்டாலும் போதும், என்னை எந்தக் கட்டத்தில் போட வேண்டும் என்று தெரியும்தானே.